நீர்ப்புள் வேட்டைக் கழகத்தில் ஒரு புதியவர்

இங்கிலாந்தின் கீழ்க்கரையில் வாஷ் என்று ஒரு விரிகுடா உண்டு. விதம், வெல்லண்ட், நீன், கிரேட் ஊஸ் என்னும் நான்கு ஆறுகள் அதில் வந்து கலக்கின்றன. ஆறுகள் கொணரும் வண்டலும் கடல் கொணரும் மணலும் சேர்ந்து அங்கே மைல் கணக்கில் சேற்றுவெளியாகப் பரந்து கிடக்கின்றன. ஓதம் ஏறும்போது அவ்வெளி கடல்; இறங்கும்போது அது நிலம். இரண்டில் எதுவென்று துணிந்து சொல்ல முடியாத அவ்விடத்தில், குளிர்காலத்து விடியற்காலையில், தொடை வரை ஏறிய ரப்பர்க் காலணியும் தோளில் துப்பாக்கியும் பக்கத்தில் ஒரு நாயுமாகச் சிலர் நடந்து செல்வதைக் காணலாம். கடலோரத்துக்கு வரும் காட்டு வாத்துகளை வேட்டையாடும் பழக்கம் உடையவர்கள் அவர்கள். நீர்ப்புள் வேட்டைஞர் என்று அவர்களை நாம் அழைக்கலாம்.

அவர்களுடைய கழகங்களுள் ஒன்றில் புதிதாகச் சேரும் ஒருவர் என்னென்ன கற்கவேண்டியிருக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இத்தகைய வேட்டைக்கு இடமில்லை. பிறகு இதைப் பற்றி நமக்கு ஏன் கவலை என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாமத்தலை வாத்து, கிளுவை, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகியவை குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வருகின்றன. அதே இனங்களின் வேறு கூட்டங்கள் மேற்கே திரும்பிப் பிரிட்டனின் சேற்றுக் கரைகளுக்குச் செல்கின்றன. ஒரே இனப் பறவை, இரண்டு கரைகள், இரண்டு விதமான சட்டம். இந்த வேற்றுமை ஒன்றே அறியத் தக்கது. துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பவர்கள் தமக்குத் தாமே எவ்வாறு கட்டுப்பாடு விதித்துக்கொள்கிறார்கள் என்பது அதனினும் சுவையான ஆராய்ச்சி.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் சிறிய வாத்துக்கு ஒரு பெயர், நீண்ட கழுத்துடைய பெரிய வாத்துக்கு வேறு பெயர். நம் வழக்கில் இரண்டும் பெரும்பாலும் வாத்தே. குழப்பம் நேராதிருக்கப் பெரியதைப் பெருந்தாரா என்று இங்கே குறிக்கிறேன்.

இவ்வேட்டை பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் பீட்டர் ஹாக்கர் என்பவர், ஹாம்ப்ஷயர்க் கரையிலுள்ள கீஹேவன் என்னும் ஊரிலிருந்து வேட்டையாடி, அக்கலையைப் பற்றி 1814-இல் நூலும் எழுதினார். அந்நாளில் கரையோரத்து ஏழைகள் பலருக்கு இது பொழுதுபோக்காக இருக்கவில்லை; வயிற்றுப்பாடாக இருந்தது. தட்டையான சிறு படகில் ஒரு பீரங்கியைப் போன்ற பெரிய துப்பாக்கியைப் பொருத்தி, குப்புறப் படுத்தபடியே துடுப்புத் தள்ளி, நீரில் மிதக்கும் கூட்டத்தை அணுகி ஒரே வெடியில் பல பறவைகளை வீழ்த்திச் சந்தைக்கு அனுப்புவர். அந்தப் படகுத் துப்பாக்கி இன்றும் முற்றிலும் தடைசெய்யப்படவில்லை. அதன் குழல்வாய் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு மேற்படக்கூடாது என்று சட்டம் எல்லை கட்டியிருக்கிறது.

சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டு வயல்களாக மாறின, துப்பாக்கிகள் மலிந்தன, பறவைகள் குறைந்தன. வேட்டையைத் தடுக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. இந்நிலையில் 1908-இல் ஸ்டான்லி டங்கன் என்பவர் ஹல் நகரில் முன்னின்று பிரிட்டன் அயர்லாந்து நீர்ப்புள் வேட்டைஞர் சங்கத்தை நிறுவினார். சர் ரால்ஃப் பெய்ன் கால்வே அதன் முதல் தலைவர். வேட்டைஞரின் உரிமையைக் காப்பதும் அவர்களை ஒழுங்குபடுத்துவதும் அதன் நோக்கம். 1981-இல் அச்சங்கம் தன் பெயரைத் துப்பாக்கி வேட்டைக்கும் இயற்கைப் பாதுகாப்புக்குமான பிரிட்டிஷ் சங்கம் என்று மாற்றிக்கொண்டது. கரையோரக் கழகங்கள் பல இன்று அதனுடன் இணைந்தவை. சில கழகங்கள் அதனினும் மூத்தவை. லங்காஷயர்க் கரையிலுள்ள சௌத்போர்ட் கழகம் 1887-இல் தோன்றியது.

கழகம் எதற்கு? துப்பாக்கி உள்ளவர் தாமே போய்ச் சுட்டுக்கொள்ளலாகாதா? இங்கே நிலத்தின் உரிமை பற்றிய ஒரு நுட்பம் உண்டு. ஓதத்தின் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் இடைப்பட்ட கரை, பிரிட்டனில் பெரும்பகுதி முடியரசுக்குச் சொந்தம். ஸ்காட்லாந்தில் அத்தகைய கரையில் பொதுமக்கள் வேட்டையாடும் உரிமை பழங்காலந்தொட்டு இருந்துவருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவ்வுரிமை இல்லை. உடையவரின் அனுமதி வேண்டும். ஆகவே கழகங்கள் முடியரசின் நிலங்களை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட்டிடமிருந்து கரையைக் குத்தகைக்கு எடுக்கின்றன. பணம் சேர்ந்த கழகங்கள் சதுப்பு நிலத்தை விலைக்கே வாங்கியும் இருக்கின்றன. அந்நிலங்களிற் பெரும்பாலானவை பறவைகளுக்கென்று பாதுகாக்கப்பட்டவை. அதனால் இங்கிலாந்தில் நேச்சுரல் இங்கிலாந்து என்னும் அரசு நிறுவனத்தின் இசைவும் வேண்டும். எத்தனை பேர், எந்த எல்லைக்குள், எத்தனை முறை செல்லலாம் என்பதையெல்லாம் அந்த இசைவே வரையறுப்பதுண்டு. ஓர் அங்கத்தினர் தவறினால் குத்தகையே பறிபோகலாம். புதியவரைக் கழகங்கள் இத்தனை நிதானமாக ஏற்றுக்கொள்வதன் காரணம் இதுதான்.

சேர விரும்புபவர் காரியதரிசிக்கு விண்ணப்பம் எழுதுகிறார். சில கழகங்களில் இரண்டு அங்கத்தினர் அவரைப் பரிந்துரைக்க வேண்டும். இடம் காலியாகும் வரை சில ஆண்டுகள் காத்திருக்க நேர்வதும் உண்டு. அதற்கு முன்பே காவல்துறையிடம் ரவைத் துப்பாக்கிக்கான சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதிகாரி வீட்டுக்கு வந்து, துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி சரியாகச் சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார், மருத்துவரிடமும் விசாரிப்பார். விபத்து நேர்ந்தால் ஈடு செய்வதற்கான காப்புறுதியும் வேண்டும். பிறகு கழகத்தின் செயற்குழு அவரை நேரில் அழைத்துப் பேசுகிறது. எத்தனை பறவை வீழ்த்தினீர் என்று அங்கே கேட்பதில்லை. சனவரியில் பனிமூட்டம் சூழ்ந்தால் என்ன செய்வீர் என்று கேட்பார்கள். படங்களை முன்வைத்து, இது என்ன பறவை, இதைச் சுடலாமா என்று கேட்பார்கள். தேர்ச்சி பெற்றாலும் முதற் பருவம் பயிற்சிக் காலமே. மூத்த அங்கத்தினர் ஒருவர் அவருக்குத் துணையாக அமர்த்தப்படுவார். அவரில்லாமல் சேற்றுவெளியில் இறங்கக்கூடாது.

ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இம்முறையை நான் மெச்சுகிறேன். கோடை முழுவதும் துப்பாக்கியே இல்லாமல் அந்தச் சதுப்பில் அவரை நடத்திக் காட்டுகிறார்கள். எந்த ஓடை எங்கே வளைகிறது, எந்த மரப்பாலம் உளுத்திருக்கிறது, எந்தச் சேறு தாங்கும், எது விழுங்கும் என்பதைப் பகல் வெளிச்சத்தில் காலால் கற்றவரே இருட்டில் போகலாம் என்பது விதி.

இனி ஓதத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இவ்வேட்டையில் மனித உயிரைப் பறிப்பது பெரும்பாலும் துப்பாக்கியன்று, நீரே. சென்னைக் கடலில் உவா நாட்களிற்கூட நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவு சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் நம் கடற்கரையில் உட்கார்ந்திருப்பவர் ஓதத்தைக் கவனிப்பதே இல்லை. வாஷ் விரிகுடாவில் அந்த அளவு ஆறு மீட்டருக்கும் மேல். நிலமோ தட்டை. ஆறு மீட்டர் உயர வேண்டிய நீர், தட்டையான நிலத்தில் எத்தனை தூரம் பரவ வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 1216-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜான் மன்னனின் மூட்டை வண்டிகள் இவ்விரிகுடாவின் கழிமுகத்தைக் கடக்கையில் ஓதத்தில் சிக்கி அழிந்தன. அவன் இழந்த செல்வத்தைத் தேடுவோர் இன்றும் உண்டு.

அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த ஓரிரு நாட்களில் பெருவோதம். அட்டமியை ஒட்டிச் சிற்றோதம். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் உள்ளதே. புதியவர் கற்கவேண்டியது அதற்கு மேற்பட்டது. அச்சிட்ட ஓத அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால், கோடை நேரம் முடியும் அக்டோபர்க் கடைசி ஞாயிறு வரை ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு மணியை மறந்தவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. அட்டவணை சொல்வது காற்றில்லா நாளின் கணக்கு. கடலிலிருந்து கரைக்கு வன்காற்று வீசினால் நீர் முன்னதாகவே வரும், உயரமாகவும் வரும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் தாழ்ந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். 1953 சனவரி 31 இரவில் பெருவோதமும் புயலும் ஒன்றுசேர்ந்தபோது வடகடல் கரைகளை உடைத்துக்கொண்டு புகுந்தது. இங்கிலாந்தில் 307 பேரும் நெதர்லாந்தில் 1,836 பேரும் மாண்டனர்.

எல்லாவற்றிலும் கொடியது யாதெனில், நீர் முன்னால் வருவதில்லை, பின்னால் வருகிறது. நமக்கு இது புதிராகத் தோன்றும். சதுப்பினூடே வளைந்து ஓடும் ஓடைகள் நிலத்தைவிடத் தாழ்ந்தவை. ஓதம் ஏறுகையில் முதலில் அவையே நிரம்புகின்றன. கடலை நோக்கி உட்கார்ந்திருப்பவரின் எதிரே சேறு இன்னும் வெறுமையாகக் கிடக்கும். அவர் கடந்து வந்த ஓடையோ முதுகுப்புறத்தில் ஓர் ஆள் ஆழத்துக்கு நிரம்பியிருக்கும். அவர் இருக்கும் மேடு தீவாகிவிடும். ஆகையால் ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு நேரம் குறித்து, அந்த நேரத்துக்கு முன்பே, வானம் நிறையப் பறவை வந்தாலும், எழுந்து திரும்பிவிட வேண்டும் என்று மூத்தவர் கற்பிக்கிறார். புதியவருக்கு இதுவே மிகக் கடினமான பாடம். பறவைகள் நிறைய வருவதும் ஓதம் ஏறும்போதுதானே!

பனிமூட்டம் வேறு. அது இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தட்டை நிலத்தில் திசை காட்ட ஒரு மரமும் இல்லை. நேராக நடப்பதாக எண்ணிக்கொண்டு வட்டமிட்டுக் கடலுக்குள்ளேயே போய்விடுவார்கள். எனவே திசைகாட்டி கட்டாயம். கரையிலிருந்து புறப்படும்போதே எந்தத் திசையில் போகிறோம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மூட்டம் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை. நீர் புகாத பையில் கைப்பேசியும் இருக்கும்; 999 என்ற எண்ணை அழைத்துக் கடலோரக் காவலரைக் கேட்கலாம். ஆனால் அதை நம்பி ஓர் ஓடையையும் கடக்கக்கூடாது என்பார்கள். மேற்குக் கரையிலுள்ள மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரி 5 அன்று இரவு, சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர் இருபதுக்கு மேற்பட்டோர் ஏறும் ஓதத்தில் அகப்பட்டு இறந்தனர். அவர்களுக்கு அந்தக் கரையைக் கற்பித்தவர் எவருமில்லை. அவர்களை வேலைக்கு அனுப்பியவன் பின்னர்த் தண்டிக்கப்பட்டான். போன உயிர்கள் வரவில்லை.

உடுப்பையும் கருவிகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேற்றின் நிறத்தில் உடை, ஊன்றிப் பார்த்து நடக்க நீண்ட கோல், சூடான தேநீர், மாற்றுக் கையுறை. துப்பாக்கி பெரும்பாலும் இரட்டைக் குழலுடையது. அதன் வாய் சேற்றில் பட்டு அடைத்துக்கொண்டிருந்தால் சுடும்போது குழலே வெடித்துக் கையைப் பிய்த்துவிடும். ஆகவே விழுந்தெழுந்த ஒவ்வொரு முறையும் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலின் வழியே வானத்தைப் பார்க்க வேண்டும். வாத்துகளை ஏமாற்றி இறக்குவதற்குப் பொம்மை வாத்துகளை நீரில் மிதக்கவிடுவதும் உண்டு. நம் ஊர் வேடுவர் உயிருள்ள பறவையைக் கட்டி வைத்து மற்றவற்றை வரவழைப்பதைப் 'பார்வை' என்று சொல்வார்களே, அதே உபாயந்தான். ஆனால் அங்கே உயிருள்ள பறவையைக் கட்டி வைப்பது சட்டப்படி குற்றம்.

பறவைகளின் போக்குவரவு ஓர் அழகான ஏற்பாடு. வாத்துகள் பகலில் கடலோரத்தில் ஓய்ந்திருந்து, அந்தி மயங்கும் நேரத்தில் உள்நாட்டுக் குளங்களுக்கும் வயல்களுக்கும் இரைதேடப் பறக்கின்றன, விடியலில் திரும்புகின்றன. பெருந்தாராக்கள் இதற்கு நேர்மாறு. இரவைச் சேற்றுத் திட்டுகளில் கழித்து, விடியலில் உள்நாட்டு வயல்களுக்குப் போய், அறுவடையான சர்க்கரைப் பீட் வயல்களில் எஞ்சிய தழையையும் சிதறிய உருளைக்கிழங்கையும் தின்று, அந்தியில் கடலுக்கு மீளும். வேட்டைஞர் இவ்விரு போக்குகளுக்கும் நடுவே கரையில் ஒளிந்திருக்கிறார். முழுநிலாக் காலத்தில் பெருந்தாராக்கள் இரவிலும் மேயும். மெல்லிய வெண்முகில் வானத்தை மூடியிருந்தால் அதன்மேல் அவற்றின் உருவம் கரிய கோடாகத் தெரியும்.

இவற்றை அரையிருட்டில் இனம் பிரிப்பது எப்படி? வீட்டில் உட்கார்ந்து நிறப்படங்களைப் பார்த்துக் கற்றவருக்கு விடியற்காலையில் நிறமே தெரியாது. உருவம், சிறகடிக்கும் வேகம், கூட்டத்தின் ஒழுங்கு, இவற்றுக்கெல்லாம் மேலாகக் குரல். நாமத்தலை வாத்தின் ஆண் வீயூ என்று நீட்டிச் சீழ்க்கை அடிக்கும். கிளுவை சிறியது, சடக்கென்று திரும்பும். ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வரும் இளஞ்சிவப்புக்கால் பெருந்தாரா உயரத்தில் வரிசை கட்டிக் கூவிக்கொண்டு வரும். இவற்றை வேட்டையாடலாம். அவற்றினிடையே, அதே இருட்டில், பிரென்ட் என்னும் கருநிறச் சிறு பெருந்தாராவும், வெள்ளை முகமுடைய பார்னக்கிள் பெருந்தாராவும், உள்ளான் வகைகளுள் சட்டம் காக்கும் பலவும் பறந்து வரும். அவற்றைச் சுடுவது குற்றம். கர்லூ என்னும் நீண்ட வளைந்த அலகுடைய பறவையை முன்பு சுடலாம். 1981-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அதுவும் கூடாது. ஐயம் தோன்றினால் சுடாதே என்பதே கழகங்களின் முதல் விதி.

பிரென்ட் பெருந்தாராவின் கதை கேட்கத் தக்கது. அது கடற்புல் ஒன்றையே பெரிதும் உண்டு வாழ்ந்தது. 1930களின் தொடக்கத்தில் அப்புல்லை ஒரு நோய் தாக்கி அட்லாண்டிக் கரைகள் நெடுக அழித்தது. வேட்டையும் சேர்ந்துகொள்ளவே பறவை அருகிப் போயிற்று. 1954-இல் பிரிட்டன் அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. பறவை மெல்ல மெல்லப் பெருகி, கடற்புல் போதாமல் கரையோரக் கோதுமைப் பயிரில் இறங்கி மேயும் அளவுக்கு வந்துவிட்டது. சால்வே கழிமுகத்துக்கு ஆர்க்டிக் தீவுகளாகிய ஸ்வால்பார்டிலிருந்து வரும் பார்னக்கிள் பெருந்தாராக்கள் 1940களின் இறுதியில் சில நூறாகச் சுருங்கியிருந்தன. பாதுகாப்பின் பயனாக அவை பல்லாயிரமாயின. 2021-22 குளிர்காலத்தில் பறவைக் காய்ச்சல் அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு அளவை வாரிக்கொண்டு போயிற்று. துப்பாக்கியை அடக்கினால் மட்டும் போதாது என்பதற்கு அது ஓர் உதாரணம். அங்கே கேர்லவராக் என்னுமிடத்தில் 1957-இல் அமைந்த தேசியப் பறவைக் காப்பகத்தில், ஒரு பகுதியில் அனுமதிச் சீட்டுடன் வேட்டையை ஒப்புக்கொண்டார்கள். வேட்டைஞரும் பாதுகாவலரும் ஒரே வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்தது அக்காலத்தில் புதுமை.

இனிச் சுடுவதைப் பற்றி. மணிக்கு 40 மைல் வேகத்தில் பறக்கும் வாத்து, ரவை 40 கெசம் போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டு அடி முன்னேறிவிடும். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். வேட்டைஞர் பறவையைக் குறிபார்ப்பதில்லை. பறவை வரப்போகும் வெற்றிடத்தையே குறிபார்க்கிறார். 40 கெசமே நியாயமான எல்லை. அதற்கு அப்பால் ரவைகள் சிதறி, பறவையைக் கொல்லாமல் புண்படுத்தும். பெருந்தாரா உருவத்தில் பெரியதாகையால் தொலைவில் வந்தாலும் பக்கத்தில் வருவதாகத் தோன்றும். இதனால் ஏமாறாதிருக்க, புதியவர் தாம் இருக்கும் இடத்திலிருந்து 40 கெசத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துக் கண்ணைப் பழக்குகிறார். எட்டாத உயரத்தில் சுடுபவரைக் கழகத்தில் எவரும் மதிப்பதில்லை. அடிபட்டு விழுந்ததைத் தேடிக் கொணரப் பழகிய நாய் வேண்டும். நாய் இல்லாதவர் நீரின் மேல் சுடாமலிருப்பதே முறை.

ரவையிலும் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் அது ஈயம். வாத்துகள் இரைப்பையில் தானியத்தை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடையவை. சேற்றில் விழுந்து கிடந்த ஈய ரவைகளையும் கல்லென்று எண்ணி விழுங்கின. ஈயம் அரைபட்டு இரத்தத்தில் கலந்து, வேட்டைஞர் காணாத இடத்தில் அவை மெலிந்து இறந்தன. ஆதலால் இங்கிலாந்தில் 1999 முதல் கடலோரத்திலும் நீர்ப்புள் வேட்டையிலும் ஈய ரவை தடைசெய்யப்பட்டது. எஃகும் பிஸ்மத்தும் டங்ஸ்டன் கலவையும் அதன் இடத்தைப் பிடித்தன. எஃகு ஈயத்தைவிட இலேசானது. விரைவில் வேகம் குன்றும். அதனால் பெரிய ரவையாகத் தேர்ந்து, இன்னும் நெருங்கி வந்த பறவையையே சுட வேண்டியதாயிற்று. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், ஆனால் பழகிக்கொண்டார்கள்.

வேட்டைப் பருவம் உள்நாட்டில் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து சனவரி 31 வரை. பெரிய பிரிட்டனின் கடலோரத்தில் பிப்ரவரி 20 வரை. பருவத்துக்கு உட்பட்ட நாட்களிலும் கடுங்குளிர் நீடித்தால் வேட்டை நிற்கும். 1962-63 குளிர்காலத்தில் சேறே உறைந்து பறவைகள் இரையின்றி மடிந்தன. இன்றைய முறையில், கரையோர வானிலை நிலையங்கள் பலவற்றில் தொடர்ந்து ஒரு வாரம் நிலம் உறைந்திருந்தால் வேட்டைஞர் தாமாக அடங்கியிருக்குமாறு வேண்டப்படுகிறார்கள். இரண்டு வாரம் ஆனால் அரசே ஆணையிட்டு நிறுத்துகிறது. காட்டுப் பெருந்தாராவின் இறைச்சியை விற்பது அறவே கூடாது. வீழ்த்தியவர் தம் வீட்டில் சமைக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், அவ்வளவே. சந்தைக்காகச் சுடும் பழைய தொழில் இவ்வாறு வேரோடு அறுக்கப்பட்டது.

இவற்றுடன் ஒவ்வொரு கழகத்துக்கும் தனி விதிகள் உண்டு. ஒருவர் இத்தனைக்கு மேல் வீழ்த்தக்கூடாது. முன்னே வந்து அமர்ந்தவருக்கு அருகே போய் உட்காரக்கூடாது. பறவைகள் வரும் நேரத்தில் எழுந்து நடக்கக்கூடாது. வெற்றுத் தோட்டாவைச் சேற்றில் விட்டு வரக்கூடாது. போன நாள், சுட்ட இனம், எண்ணிக்கை, ஒன்றும் கிடைக்காத நாட்கள் அனைத்தையும் எழுதிப் பருவ முடிவில் கணக்குத் தரவேண்டும். கணக்குத் தராதவருக்கு மறு ஆண்டு அனுமதிச் சீட்டு கிடைக்காது என்ற விதி பல கழகங்களில் உண்டு. கோடையில் குப்பை பொறுக்கவும் பாலம் செப்பனிடவும் குளம் வெட்டவும் அங்கத்தினர் கூடுகிறார்கள். பெரும்பாலான விடியல்களில் வேட்டைஞர் வெறுங்கையுடன்தான் திரும்புகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடும் வேட்டையை நியாயமாக்கிவிடுமா? பிரிட்டனிலேயே இதை ஒப்பாதவர் பலர். அவர்கள் கையிலும் வலுவான சான்று இருக்கிறது. ஸ்லிம்பிரிட்ஜ் என்னும் இடத்துக்கு வரும் பியூயிக் அன்னங்கள் எங்கும் பாதுகாக்கப்பட்டவை. 1970களில் அவற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, உயிருடன் பறந்து திரிந்தவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் உடலில் ரவைகள் பதிந்திருந்தன. அவை வரும் நெடுவழியில் எந்த நாட்டில் எவர் சுட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் இனம் தெரியாமலோ தெரிந்தோ சுடுபவர் உண்டு என்பதை மறுக்க முடியாது. பயிற்சி முறையை நான் மெச்சினேன். வேட்டையை மெச்சவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

அந்த எக்ஸ்ரே ஆராய்ச்சி நடந்த நிலையத்தை நிறுவியவரே ஒரு பழைய வேட்டைஞர். தென்துருவப் பிரயாணத்தில் உயிர்நீத்த காப்டன் ஸ்காட்டின் மகன் பீட்டர் ஸ்காட், 1909-இல் பிறந்தவர். இளமையில் வாஷ் சேற்றுவெளியே அவருக்குப் பள்ளிக்கூடம். நீன் ஆற்றின் முகத்திலுள்ள ஒரு பழைய விளக்குக் கோபுரத்தில் 1930களில் குடியிருந்து, பறவைகளைச் சுட்டார், வரைந்தார், உயிருடன் பிடித்தும் வளர்த்தார். 1946-இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்புள் காப்பகம் கண்டார். பிறகு துப்பாக்கியையும் கைவிட்டார். ஹவாய்த் தீவுகளில் முப்பது நாற்பதாகக் குறைந்து அழியும் நிலையிலிருந்த நேநே என்னும் பெருந்தாராவை 1950-இல் அங்கே கொணர்ந்து பெருக்கி, 1962-இல் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆற்றின் பெயரும் அப்பறவையின் பெயரும் ஆங்கில எழுத்தில் ஒன்றே என்பது ஒரு வேடிக்கை. ஸ்காட் வேட்டைஞராக இருந்திராவிட்டால் பாதுகாவலராகியிருப்பாரா என்று விவாதிப்பவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களின் பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்பு.

பறவையைக் காக்க வேட்டைஞராக இருந்து தீரவேண்டுவதில்லை என்று வாதிடுபவருக்கு நம்மிடமே ஒரு சான்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் திரண்டு செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் பறவைகளுக்குப் பாதுகாப்புப் பெற்றார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களிடம் துப்பாக்கியும் இல்லை, சந்தாவும் இல்லை. தங்களுக்கும் பறவைக்கும் உள்ள உறவை அறிந்திருந்தார்கள்; அதைக் கலெக்டர் முன் எடுத்துச் சொல்லவும் தெரிந்திருந்தார்கள்.

வாஷ் கரையில் நாம் விட்டு வந்த புதியவரின் பயிற்சிக் காலம் பிப்ரவரி 20 மாலையுடன் முடிகிறது. துணைவர் தம் அறிக்கையைச் செயற்குழுவுக்கு அனுப்புகிறார். எந்தெந்த நாள் ஓதத்துக்கு முன் திரும்பினார், எந்தப் பறவையை ஐயத்தால் சுடாமல் விட்டார், நாய் எப்படி நடந்துகொண்டது என்பன அதில் இருக்கும். குழு இசைந்தால், வரும் செப்டம்பரில் அவருக்கு முழு அனுமதிச் சீட்டும், எல்லைகள் சிவப்பு மையில் குறித்த வரைபடமும், கடற்சுவர் வாயிலின் பூட்டுக்கு ஒரு சாவியும் தபாலில் வந்து சேரும். இடையிலுள்ள கோடையில், பாலம் செப்பனிட வரும்படி காரியதரிசியிடமிருந்து ஒரு கடிதமும் வரும்.